கூவல் கேட்காத அறை

நான்காம் அறையில் மட்டும் கைதட்டல் கேட்கவில்லை.

எந்தக் கட்டடத்தில் எந்த அறை முடிந்தாலும் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டிப் பார்ப்பது ஷெரீன் கோயாவின் வழக்கம். கட்டடக்கலையில் கழித்த இருபது வருடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சுவரும் கூரையும் அந்தச் சத்தத்தை எப்படித் திருப்பித் தருகின்றன என்பதை வைத்தே, அங்கே படுக்கப்போகிறவருக்குத் தூக்கம் பிடிக்குமா பிடிக்காதா என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவாள். முதல் மூன்று அறைகளும் நல்ல அறைகள். கைதட்டல் காய்ந்த சிரட்டையைத் தரையில் வைத்ததுபோல் சின்னதாய்க் கேட்டு அடங்கியது. நான்காம் அறையில் உள்ளங்கைகள் மோதியது தோலுக்குத் தெரிந்தது, லேசாக எரியக்கூடச் செய்தது. காதுக்கு ஒன்றும் வரவில்லை. வெளியே ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பலாமரத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அது கேட்டது. கூரைக்குள் காற்றை உறிஞ்சும் விசிறிகளின் இரைச்சல் கேட்டது. தன் கைகள் மட்டும் கேட்கவில்லை.

“சேச்சி, இங்க வந்து ஒரு தடவை கைதட்டுங்களேன்.”

ஏலிக்குட்டி சிஸ்டர் வாசலில் எட்டிப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது, பருத்த உடம்பு, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். இந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ்.

“எதுக்கு மோளே? நாளைக்கு மந்திரி வந்து ரிப்பன் வெட்டறப்போ எல்லாரும் தட்டத்தானே போறோம்.”

“சும்மா, ஒரு தடவை.”

சிஸ்டர் கையிலிருந்த பேனாவைக் காதில் செருகிக்கொண்டு தட்டினாள். இரண்டு கைகளும் சேர்ந்ததை ஷெரீன் பார்த்தாள். அவ்வளவுதான்.

“கேட்டுச்சா? போதுமா?”

“கேட்டுச்சு சேச்சி.”

பொய். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. இந்தப் பெண்மணியிடம் பொய் சொல்வது அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

கடலுண்டிப் புழை என்கிற ஆற்றுக்கு மேலே, குன்றின் உச்சியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் தொற்றுக் காய்ச்சல்காரர்களைத் தனியே வைத்துப் பார்ப்பதற்கான புது வார்டு அது. ஏழு அறைகள். இரண்டு வருடமாக ஷெரீன் வரைந்து, அழித்து, திரும்ப வரைந்தது. படுத்திருப்பவர் தலையைத் தூக்காமலே புழையைப் பார்க்கும்படி ஜன்னலின் அடிவிளிம்பைத் தாழ்த்தியிருந்தாள். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே, கூரையிலிருந்து தரைவரை ஒரே கண்ணாடி. முகமூடி போடாத நர்ஸின் முகம் ஒன்றாவது நோயாளிக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்பதற்காக. உள்ளே பேசினால் வெளியிலும், வெளியே பேசினால் உள்ளேயும் கேட்கிற ஒலிபெருக்கி. யாராலும் அணைக்க முடியாதது. நர்ஸுகள் உட்கார்ந்து சுலைமானித் தேநீர் குடிக்கவும், தேவைப்பட்டால் யாருக்கும் தெரியாமல் அழவும் ஒரு சின்ன அறை, அதற்கும் ஒரு ஜன்னல். பச்சைச் சுவர் வேண்டாம், பார்த்தாலே வயிறு கலங்குகிறது என்று அவர்கள் சொன்னதால் சுவருக்கு வெந்த கப்பக்கிழங்கின் நிறம். பயத்தைக் குறைக்கும் வார்டு என்று பத்திரிகையில் அவள் படத்தோடு போட்டிருந்தார்கள்.

அழைப்பு விளக்குகள் மட்டும் ஏலிக்குட்டி சிஸ்டர் கேட்டு வாங்கியவை. நர்ஸ் மேசைக்கு மேலே, அறைக்கு ஒன்றாக ஏழு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய சிவப்பு விளக்குகள்.

“லாம்பு பெருசா வை மோளே,” என்று ஆறு மாதம் முன்பு வரைபடத்தின் மேல் குனிந்து சொன்னாள். “என்னை மாதிரி குருடி உக்காந்திருந்தாலும் தெரியணும்.”

அப்போது ஷெரீன் தலையைத் தூக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவ வேண்டிய தேவை இல்லாத பென்சில்.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வார்டில் இருந்தாலும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய், விளக்குப் பலகையில் இருக்கிற ஒவ்வொரு விளக்கையும் ஆள்காட்டி விரலால் தொடுவாள். எரிகிறதா என்று கண்ணால் பார்த்தால் அவளுக்குப் போதாது. தொட வேண்டும். இளம் நர்ஸுகள் பின்னாலிருந்து அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். அந்த விரல் எப்போது அப்படி ஆனது என்பது ஷெரீனுக்குத் தெரியும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மேட மாதத்தில், சித்திரை வெயிலில், வௌவால் காய்ச்சல் வந்தபோது இதே இடத்தில் ஒரு பழைய சலவைக்கூடம் இருந்தது. ஒன்பது நாளில் அதை வார்டாக்கித் தரச் சொன்னார்கள், ஆக்கித் தந்தாள். அப்போது நர்ஸுகள் சொன்ன ஒரே குறை சத்தம்தான். நோயாளிகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போக இருபது நிமிடம் ஆகிறது, அதுவரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, வீட்டுக்குப் போனாலும் காதில் கேட்கிறது என்றார்கள். ஷெரீன் சுவரெல்லாம் பஞ்சு அடைத்தாள். இரட்டைக் கண்ணாடி போட்டாள். ஒவ்வோர் அறையின் குரலும் ஒரே ஒரு கம்பி வழியாக நர்ஸ் மேசைக்கு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க, அறைக்கு ஒரு விசை. அதற்கு ‘ஓய்வு’ என்று பெயரிட்டதும் அவள்தான். விசை போட்டிருப்பதை நினைவூட்ட ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று முதல் வரைபடத்தில் இருந்தது. சிவப்பு விளக்கு பார்க்கிறவர்களைப் பதற்றப்படுத்தும் என்று அன்று காலை எங்கோ படித்திருந்தாள். பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். விளக்கு போயிற்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வார்டின் நான்காம் அறைக்கு வந்தவர் சாத்துக்குட்டி. சாலியத்துப் பக்கம் ஆட்களை ஆற்றைக் கடத்திவிடும் கடத்துத் தோணிக்காரர். காய்ச்சல் கண்ட முதல் ஆளைத் தோணியில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தவர். அக்கரையில் ஆள் நின்று கூவினால் இக்கரையிலிருந்து அவர் திருப்பிக் கூவுவார். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து அவர் விடுகிற கூவல் புழையைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, கடலில் இருக்கிறவனுக்கும் கேட்கும் என்பார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், பக்கத்து அறையில் ஒருவருக்கு மூச்சுக்குழாய் வைக்க வேண்டி, ஏலிக்குட்டி சிஸ்டர் நான்காம் அறையின் கண்ணாடித் திரையை இழுத்துவிட்டு, ஓய்வு விசையைப் பத்து நிமிடத்துக்குப் போட்டாள். பத்து நிமிடம் மூன்று மணி நேரமாயிற்று. கண்ணாடியின் திரையை விலக்கியபோது சாத்துக்குட்டி தரையில், கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். உயிர் போயிருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது.

“அக்கரைக்குக் கேக்குமே அவரு கூவினா,” என்றாள் அவர் மனைவி, விசாரணை நடந்த அறையின் வாசலில், ஷெரீனைப் பார்த்து. அழவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்கலையா?”

அதற்குள் அந்த வார்டைப் பிரித்து, பஞ்சும் பலகையுமாகக் குழியில் போட்டு எரித்துவிட்டிருந்தார்கள். விசாரணைக்கு முந்தின நாள் ஷெரீன் தன் வரைபடத்தில் அந்தச் சிவப்பு விளக்கைத் திரும்ப வரைந்தாள். நர்ஸ் கவனிக்கவில்லை என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. “விளக்கு இருந்தது” என்று மட்டும் சொன்னாள். மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஏலிக்குட்டி சிஸ்டரும் மறுக்கவில்லை. “பதினாலு மணி நேரம் அந்த உடுப்புக்குள்ள சார். கண்ணுல போட்ட கண்ணாடியெல்லாம் வேர்வை. எரிஞ்சிருக்கும். நான்தான் பாக்கல.” இரண்டு வருடம் அவளைத் துணிக்கிடங்கில் போட்டார்கள். அங்கேயும், கதவுக்கு மேலிருந்த ஒற்றை விளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஷெரீன் நான்காம் அறைக்குள் போகவேண்டும்.

திறப்பு விழாவுக்கு முன் ஒவ்வோர் அறையிலும் நான்கு மணி நேரம் நோயாளியாகப் படுத்துப் பார்ப்பது என்று அவளே வைத்துக்கொண்ட ஏற்பாடு. மற்ற ஆறையும் முடித்துவிட்டாள். நான்காம் அறையை மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளிக் கடைசி நாளில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

மற்ற நர்ஸுகளெல்லாம் விழா ஒத்திகைக்குக் கீழ்க் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். சிஸ்டர் முழுக் காப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு, ஒரு தட்டில் கஞ்சியும் பயறும் சுட்ட பப்படமும் எடுத்துவந்தாள்.

“நோயாளின்னா நோயாளி சாப்பாடுதான். உன் வீட்டு நெய்ப்பத்திரி எல்லாம் இங்க கிடையாது.”

“நான் கேட்டாலும் ஆறு மணிக்கு முன்னாடி கதவைத் திறக்காதீங்க சேச்சி. நிஜ நோயாளிக்குத் திறப்பீங்களா?”

“நிஜ நோயாளி இவ்வளவு பேசமாட்டான்.” சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. “பயமா இருந்தா கூப்பிடு. நான் எங்கயும் போகமாட்டேன். இந்தத் தடவை எங்கயும் போகமாட்டேன்.”

உள்கதவு மூடியது. பிறகு வெளிக்கதவு. அறைக்குள்ளிருக்கும் காற்று வெளியே கசியக் கூடாது என்பதற்காக இந்த அறைகளெல்லாம் தாழ்வாரத்துக் காற்றை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கதவு மூடும் கணத்தில் காதில் ஒரு சின்ன அடைப்பு உண்டாகும். ஷெரீன் எச்சிலை விழுங்கினாள். அடைப்பு போகவில்லை.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. கஞ்சியைக் குடித்தாள். படுத்துக்கொண்டு புழையைப் பார்த்தாள். மழையில் அக்கரை தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரு சாம்பல் பரப்பு, அதில் பலாமரத்தின் இலைகள் மட்டும் கரும்பச்சையாக நனைந்து நனைந்து ஆடின. குறிப்பேட்டில் எழுதினாள்: தலையணை உயரம் சரி. விளக்கு கண்ணில் படவில்லை. பிளீச்சிங் வாடை அதிகம், துடைக்கும் மருந்தை மாற்றச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் உடுப்பைக் கழற்றிவிட்டு மேசையில் உட்கார்ந்து மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து விளக்குகளைத் தொட்டாள். உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கு மோளே?” ஒலிபெருக்கியில் குரல் தெளிவாக வந்தது.

“நல்லா இருக்கு சேச்சி. தூக்கம் வருது.”

மூன்றேகால் இருக்கும். பிளீச்சிங் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருப்பதை அவள் கவனித்தாள். முதலில் ஜன்னல் வழியாக என்று நினைத்தாள். ஆனால் இந்த ஜன்னல்கள் திறக்காதவை. வெயிலில் காய்ந்த தோணிப் பலகையின் வாடை, அதில் பூசும் மீனெண்ணெயின் வாடை, நெடுநேரம் தண்ணீர் படாத ஒரு வாயின் புளித்த வாடை. எழுந்து மூலைகளை முகர்ந்தாள். எங்கே போனாலும் அது அவளுக்கு ஒரு முழம் பின்னால்தான் இருந்தது.

பேனா கீழே விழுந்தது. விழுந்ததைப் பார்த்தாள். சத்தம் இல்லை.

குனிந்து எடுத்து, வேண்டுமென்றே தரையில் போட்டாள். இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினாள். எஃகுக் கிண்ணம் அதிர்வது விரலுக்குத் தெரிந்தது. இல்லை. அப்போதுதான் மழையும் நின்றுபோயிருப்பது தெரிந்தது. ஜன்னலைப் பார்த்தால் மழை பெய்துகொண்டுதான் இருந்தது, முன்னைவிடப் பலமாக, இலைகளைக் கிழித்துக்கொண்டு. கூரையின் இரைச்சலும் இல்லை. காதுக்குள் எப்போதும் இருக்கிற தன் இரத்தத்தின் மெல்லிய ஓசைகூட இல்லை.

“சேச்சி.”

வாய் அசைந்தது. தொண்டை அசைந்தது.

“சேச்சி, ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு.”

மேசையில் சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தாள். முதுகு பாதி திரும்பியிருந்தது. ஷெரீன் அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். நான்காவது விளக்கு எரிந்தது. தாழ்வாரச் சுவரெல்லாம் சிவந்தது. சிஸ்டரின் வெள்ளைத் தொப்பி சிவந்தது, கைகள் சிவந்தன, எழுதிக்கொண்டிருந்த தாள் சிவந்தது. அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள்.

ஷெரீன் கண்ணாடியைத் தட்டினாள். விரல்முட்டியால். பிறகு உள்ளங்கையால். பிறகு முழங்கையால். பஞ்சில் குத்துவதுபோல் இருந்தது. உள்கதவின் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. வெளியிலிருந்து பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும்; திறக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

ஆறு மணிக்குத் திறப்பார்கள். ஆறு மணிவரைதான். அவள் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது. கண்ணாடிக்குப் பக்கத்தில், தரையில். அங்கேதான் சிஸ்டரின் முகம் நன்றாகத் தெரியும். உட்கார்ந்த பிறகுதான், வேறு யார் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. எழ முயன்றாள். சிஸ்டரின் முகம் பார்வையிலிருந்து நழுவியது, திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மூன்று மணி நேரம். ஆள் தெரிந்திருக்காது, திரை போட்டிருந்தது. வெறும் துணியைப் பார்த்துக் கூவியிருப்பார். ஒவ்வொரு கூவலுக்கும் பிறகு அக்கரைக்காரர்கள் காத்திருப்பதுபோல் கொஞ்சம் காத்திருந்திருப்பார்.

கேட்காது. இங்கே யாருக்கும் எதுவும் கேட்காது.

அந்த எண்ணத்தில் ஒரு விதமான சுகமும் இருந்ததை ஷெரீன் உணர்ந்தாள், உணர்ந்ததும் கூசினாள். ஆறு வருடமாக நாக்கின் அடியில் கிடந்தது. கணவனிடம் சொல்லவில்லை. தொழுகை விரிப்பில் நெற்றியை வைத்துக்கொண்டுகூட முழுசாகச் சொன்னதில்லை. அங்கேயும் அதை ஒரு தவறு என்றாள், பொய் என்று சொல்லவில்லை. இங்கே சொல்லலாம். சொன்னால் நெஞ்சுப் பாரமாவது இறங்கும். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, சிஸ்டரின் பாதி முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சேச்சி, லாம்பு எரியல. லாம்பே இல்ல. நான்தான் அடிச்சுட்டேன், வரையும்போதே. விசாரணைக்கு முந்தின நாள் திரும்ப வரைஞ்சு வெச்சேன். நீங்க குருடி இல்ல. பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல சேச்சி. எனக்குத் தெரியும். உங்களைத் துணிக்கிடங்குக்கு அனுப்பினப்போவும் தெரியும். நீங்க லாம்பைத் தொடறதைப் பாக்கும்போதெல்லாம் தெரியும்.”

ஒரு சொல்கூட அவள் காதுக்கு வரவில்லை.

சிஸ்டரின் பேனா நின்றது.

மெதுவாக, கழுத்து வலிக்காரி திரும்புவதுபோல் உடம்போடு சேர்ந்து சிஸ்டர் திரும்பினாள். முகத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சம். பார்வை நேராக ஷெரீனின் மேல் வந்து நின்றது. உதடுகள் அசைந்தன. ஒலி இல்லை. ஆனால் மூன்று சொற்கள்தான், படிக்க முடிந்தது.

லாம்பு இல்லையா மோளே?

அவளுக்குக் கேட்டிருக்கிறது. எல்லாம். முதலிலிருந்தே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது; கேட்டாலும் திறக்காதீங்க என்று ஷெரீன் சொல்லிவைத்ததால்தான் திரும்பாமல் இருந்திருக்கிறாள். அணைக்க முடியாத ஒலிபெருக்கி.

ஷெரீன் தலையை அசைத்தாள். இல்லை.

சிஸ்டர் அழவில்லை. கோபப்படவில்லை. தன் வலது கையைத் தூக்கி, அந்த ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு கதவுப் பொத்தான் இருக்கும் இடத்துக்கு வந்தாள். திறக்கத்தான் வந்தாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் உள்ளே ஒருத்தி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவள் திறப்பாள், அவள் அப்படித்தான். அவள் கை பொத்தானின் மேல் போனது.

அப்போது ஷெரீனுக்கு முதல் சத்தம் கேட்டது.

பின்னால். படுக்கையின் பக்கம்.

யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள்.

சாதாரண மூச்சு அல்ல. நெஞ்சை நிரப்ப இழுக்கிற மூச்சு. வயிற்றின் அடிவரை, விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் விரிய, உலர்ந்த தொண்டையை உரசிக்கொண்டு உள்ளே போகிற மூச்சு. கூவப்போகிறவனின் மூச்சு. இதோ முடியும், இப்போது முடியும் என்று அவள் காத்திருந்தாள். முடியவில்லை. இழுத்துக்கொண்டேயிருந்தது. மழையை இழுத்துக்கொண்டது அதுதான். கிண்ணத்தின் சத்தத்தை, பேனாவின் சத்தத்தை, அவள் கைதட்டலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் கை அப்படியே நின்றிருந்தது. அவள் இப்போது ஷெரீனைப் பார்க்கவில்லை. ஷெரீனின் தலைக்கு மேலே பார்த்தாள். படுக்கையை.

கண்கள் உயர்ந்தன. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். படுத்திருந்தவர் உட்காருகிற அளவுக்கு. உட்கார்ந்தவர் எழுந்து நிற்கிற அளவுக்கு. பிறகு தாழ்ந்தன, மெல்ல, அறைக்குள் ஒருவர் நடந்து வருவதைப் பின்தொடர்கிற மாதிரி. கிட்டே. இன்னும் கிட்டே.

ஷெரீன் திரும்பவில்லை.

சிஸ்டர் தலையைச் சாய்த்தாள். நோயாளி ஏதோ சொல்லும்போது காதைக் கொடுப்பாளே, அப்படி. நெடுநேரம் கேட்டாள். அவளுக்குக் கேட்டது. ஷெரீனுக்கு அந்த மூச்சு மட்டும்தான். சிஸ்டரின் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை; நெடுங்காலமாகக் காத்திருந்த ஒரு ஆளை வாசலில் கண்டவளின் முகம் அது. கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

உதடுகள் அசைந்தன. செரி ஏட்டா. ஒரு அண்ணனுக்குச் சொல்வதுபோல்.

கை பொத்தானை விட்டு இறங்கியது.

“சேச்சி.”

சிஸ்டர் திரும்பினாள்.

“சேச்சி. சேச்சி. ஏலிக்குட்டிச் சேச்சி.”

முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் அவள் நடந்து போனாள். காலை இழுக்காமல் நடந்தாள். மேசையைத் தாண்டினாள். கடைசி விளக்கையும் தொடாமல் தாண்டினாள். நோயாளி தூங்கும்போது அணைப்பதுபோல், தாழ்வாரத்து வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பெரிய சிவப்பு விளக்கும் அதோடு அணைந்தது. மணி நாலரைகூட ஆகவில்லை. மழை இருட்டு ஜன்னலை அடைத்திருந்தது.

கண்ணாடி கறுத்தது. கறுத்ததும் கண்ணாடிக்குள் அறை தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் தோளுக்கு மேலே, காதை ஒட்டி, அவள் முகத்தைவிடப் பெரிதாக ஒரு இருட்டு. வட்டமாக. அதன் ஓரத்தில் பற்கள்.

ஷெரீன் வாயைத் திறந்து கத்தினாள்.

கண்ணாடி அவள் உதட்டிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில்தான் இருந்தது. அதில் ஆவி படியவில்லை. அவள் வாயிலிருந்து வெளியேறிய மூச்சு, குளிர்காலப் புகைபோல் வெள்ளையாக, அவள் கண்ணெதிரே தயங்கி, வளைந்து, கன்னத்தை உரசி, காதைத் தாண்டி, பின்னால் போய்க்கொண்டிருந்தது. நிற்காமல். ஒரே இழுப்பாக.